ஓ-ரிங் கம்பெனிக்கு யார் லிங்க் கொடுப்பார்கள்?

ஓ-ரிங்கைப் பற்றி யாரும் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்வதில்லை. பம்புக்குள்ளும் வால்வுக்குள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டருக்குள்ளும் கண்ணில் படாமல் கிடக்கும் கறுப்பு ரப்பர் வளையம் அது. ஒழுக ஆரம்பித்தால்தான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். கோயம்புத்தூரின் பம்பு கம்பெனிகளுக்கு இந்த வளையங்களையும் ஆயில் சீல்களையும் செய்து தரும் சிறு தொழிற்கூடம் ஒன்று வெப்சைட் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் மேலே வர என்ன செய்யலாம் என்று கேட்ட முதல் ஆளே 'பேக்லிங்க் வேண்டும்' என்பார். அடுத்த சில நாளில் '5,000 ரூபாய்க்கு 500 பேக்லிங்க்' என்று மெயில் வந்து நிற்கும். அந்த மெயிலுக்குப் பதில் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

பேக்லிங்க் என்பது, வேறொருவரின் வெப்சைட்டில் இருந்து உங்கள் பக்கத்துக்கு வரும் லிங்க். அவ்வளவுதான். அதற்கு இத்தனை மதிப்பு வந்த கதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அங்கே ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடும் பழக்கத்தை இணையத்துக்குக் கொண்டுவந்தது. பலர் மேற்கோள் காட்டும் கட்டுரை முக்கியமானது. முக்கியமான கட்டுரையே மேற்கோள் காட்டினால் அதற்கு எடை இன்னும் அதிகம். லிங்கும் அதே மாதிரிதான். இன்றைய கூகுள் வேறு எத்தனையோ விஷயங்களைப் பார்க்கிறது. ஆனால் லிங்கைப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

எல்லா லிங்குக்கும் ஒரே எடை கிடையாது. 2005-ல் 'நோஃபாலோ' என்ற குறி வந்தது. அதை ஒரு லிங்கில் சேர்த்தால் 'இதற்கு நான் சாட்சி இல்லை' என்று பொருள். 2019-ல் காசு வாங்கிப் போட்ட லிங்குக்கு 'ஸ்பான்சர்டு', வாசகர்கள் கருத்துப் பகுதியில் போடும் லிங்குக்கு 'யூஜிசி' என்று இன்னும் இரண்டு குறிகள் சேர்ந்தன. விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே போகும் லிங்குகள் 2007 முதல் நோஃபாலோதான். அதனால் அங்கே போய் உங்கள் கம்பெனி முகவரியைச் செருகினால் ரேங்கும் வராது, தொகுப்பாளர்களிடம் பேச்சும் வாங்க வேண்டியிருக்கும்.

சுவாரசியம் இல்லாததே லாபம்

'எங்கள் தொழிலைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்' என்று புலம்புபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. போட்டியாளரைப் பற்றியும் யாரும் எழுதவில்லை! வீட்டுக்கடன், முடி கொட்டுதல், மொபைல் போன் போன்ற சொற்களில் முதல் பக்கத்துக்கு வர நூற்றுக்கணக்கான தளங்களின் லிங்க் தேவைப்படலாம். '3.53 மிமீ நைட்ரைல் ஓ-ரிங்' என்று தேடினால் வரும் பக்கங்கள் பலவற்றுக்கு லிங்க் தரும் தளங்களை விரல்விட்டு எண்ணலாம். நம்பாவிட்டால், எந்தத் தளத்துக்கு எத்தனை லிங்க் என்று கணக்கிடும் அஹ்ரெஃப்ஸ் தளத்தின் இலவசச் சோதனைப் பக்கத்தில் போட்டியாளர் மூன்று பேரின் முகவரியைப் போட்டுப் பாருங்கள். பார்க்க வேண்டியது மொத்த லிங்க் எண்ணிக்கையை அல்ல, எத்தனை தனித்தனித் தளங்கள் என்பதை. ஒரே தளத்தின் அடிப்பகுதியில் உங்கள் பெயர் இருந்தால், அதன் ஆயிரம் பக்கங்களும் ஆயிரம் லிங்காகக் கணக்கில் தெரியும். உண்மையில் அது ஒரே ஆள் சொன்ன ஒரே வாக்கு.

இப்படிப் பார்த்தால் இலக்கு சின்னதாகிவிடுகிறது. இந்த மாதிரி தொழிலில் சம்பந்தமுள்ள இருபது, முப்பது தளங்களிலிருந்து லிங்க் வந்தால் அதுவே நல்ல பலம். அவை இரண்டு வழியில் வரும். உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள் தருவது ஒன்று, உங்களைத் தெரியாதவர் தன் வேலை சுலபமானதால் தருவது மற்றொன்று. முதலாவதை உறவு லிங்க் என்றும் இரண்டாவதை உதவி லிங்க் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் பொருள் விற்கும் பக்கத்துக்கு மூன்றாம் மனிதர் யாரும் லிங்க் தரமாட்டார். அதை எதிர்பார்த்து மெயில் அனுப்புவதில்தான் பாதிப் பேரின் ஆறு மாதம் வீணாகிறது.

உறவு லிங்க்: முதலில் அக்கவுண்ட்ஸ் பைலைத் திறங்கள்

இதற்கு எந்தச் சாஃப்ட்வேரும் வேண்டாம். கடந்த இரண்டு வருட விற்பனை, கொள்முதல் பில்களிலிருந்து கம்பெனிப் பெயர்களை எடுத்து ஒரு எக்செல் தாளில் போடுங்கள். வெப்சைட் இல்லாதவர்களை நீக்குங்கள். மீதமுள்ள ஒவ்வொரு தளத்தையும் திறந்து, உங்கள் பெயருக்கு இயல்பாக இடம் இருக்கும் பக்கம் உண்டா என்று பாருங்கள். டீலரிடம் 'நாங்கள் விற்கும் பிராண்டுகள்' பக்கம் இருக்கும். மூலப்பொருள் தருபவரிடமும், மோல்டிங் மெஷின் விற்றவரிடமும் 'எங்கள் வாடிக்கையாளர்கள்' பக்கம் இருக்கும். பல இடங்களில் உங்கள் லோகோ ஏற்கெனவே இருக்கும், லிங்க் மட்டும் இருக்காது. ஒரு போன் போட்டு, 'அண்ணா, லோகோ போட்டிருக்கீங்க, அதுல நம்ம சைட் லிங்கையும் சேர்த்துடுங்க' என்றால் அன்றைக்கே முடிகிற வேலை.

அடுத்தது சங்கங்கள். கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியா, பம்பு மோட்டார் தயாரிப்பாளர்கள் இருக்கும் சீமா, ரப்பருக்கு அகில இந்திய ரப்பர் தொழில் சங்கம் என்று சந்தா கட்டிக்கொண்டே இருப்பீர்கள். உறுப்பினர் பட்டியலில் உங்கள் விவரம் எப்படி இருக்கிறது என்று எப்போதாவது பார்த்ததுண்டா? சேர்ந்த வருடம் பேனாவில் எழுதிக் கொடுத்த பழைய முகவரியும் லேண்ட்லைன் எண்ணும் அப்படியே கிடக்கும். வெப்சைட் என்ற கட்டம் காலியாக இருக்கும். கண்காட்சிகளும் இப்படித்தான். ஸ்டால் பதிவு செய்யும் படிவத்தில் வெப்சைட் முகவரியை நிரப்பாமல் விட்டால், கண்காட்சித் தளத்தின் பட்டியலில் உங்கள் பெயர் வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். ஸ்டாலுக்குக் கட்டும் வாடகையில் இதுவும் அடக்கம் என்று நினைத்துக் கேட்டு வாங்குங்கள்.

இங்கே ஒரு எல்லை உண்டு. 'லிங்க் போட்டால் பில்லில் 2 சதவீதம் தள்ளுபடி' என்று டீலரிடம் பேரம் பேசக் கூடாது. டீலர் ஒப்பந்தத்தில் லிங்கைக் கட்டாயமாக்கவும் கூடாது. பணமோ பொருளோ சலுகையோ கைமாறி வரும் லிங்கையும், ஒப்பந்தத்தால் கட்டாயமாக்கிய லிங்கையும் கூகுளின் ஸ்பேம் விதிகள் நேரடியாகவே குற்றமாகச் சொல்கின்றன. பொறியியல் கல்லூரி மாணவர்களின் பாஹா (மாணவர்களே வண்டி வடிவமைத்து ஓட்டும் போட்டி) கார் அணிக்கு நீங்கள் சீல் கொடுத்து உதவுகிறீர்கள், அவர்கள் தங்கள் தளத்தில் உங்கள் லோகோவைப் போடுகிறார்கள் என்றால், அதில் ஸ்பான்சர்டு குறி இருப்பதே முறை. ரேங்குக்கு அது உதவாமல் போகலாம். ஆனால் அந்த மாணவர்களில் சிலர் நாளைக்கு ஏதோ ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவில் உட்காருவார்கள். லிங்குக்காக மட்டுமே எல்லாவற்றையும் செய்யத் தொடங்கினால் இந்த மாதிரி நல்ல விஷயங்கள் கணக்கில் விட்டுப்போகும்.

இந்தியாமார்ட், ஜஸ்ட்டயல் போன்றவற்றில் பக்கம் வைத்திருப்பது என்கொயரிக்கு நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பக்கம் இருப்பது அவர்களுடைய டொமைனில். அதற்கு யாராவது லிங்க் கொடுத்தால் வலுப்பெறுவது அவர்கள் தளம். விசிட்டிங் கார்டிலும் கேட்டலாகிலும் சொந்த முகவரியைத்தான் அச்சடிக்க வேண்டும்.

உதவி லிங்க்: யாருடைய வேலையைக் குறைக்கிறீர்கள்?

இதுதான் கடினமானது, நிலைத்து நிற்பதும் இதுதான். ஓ-ரிங் விஷயத்தில் டிசைன் செய்பவர், கொள்முதல் செய்பவர், ரிப்பேர் செய்யும் மெக்கானிக், பாலிடெக்னிக் ஆசிரியர் என்று நாலு பேர் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்றில் முட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் உங்களுக்கு போன் போட்டுக் கேட்கும் கேள்விகளை ஒரு மாதம் நோட்டில் குறித்து வையுங்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்வி எதுவோ, அதுதான் உங்கள் பக்கம்.

கட்டாயம் வரும் கேள்வி அளவு. கையில் பழைய வளையம் இருக்கிறது, வெர்னியரில் அளந்தால் உள்விட்டம் 25 மிமீ, தடிமன் மூன்றரை மிமீ. இது எந்த நம்பர்? அமெரிக்கத் தரமான ஏஎஸ் 568-ல் இது 214-ஆம் எண்: உள்விட்டம் 24.99 மிமீ, தடிமன் 3.53 மிமீ. அந்தத் தரத்தின் முக்கியத் தடிமன்கள் ஐந்துதான்: 1.78, 2.62, 3.53, 5.33, 6.99. இந்த விவரத்தை இணையத்தில் பலர் வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகவோ, போனில் படிக்க முடியாத படமாகவோ இருக்கும். நீங்கள் அதையே தேடக்கூடிய அட்டவணையாக, அளந்த இரண்டு எண்களைப் போட்டால் பக்கத்து நம்பர்களைக் காட்டுவதாகச் செய்து வைத்தால், அதை புக்மார்க் செய்பவரில் ஒருவர் தன் தளத்திலும் லிங்க் போடுவார். பழைய வளையம் அழுந்தித் தேய்ந்திருக்கும், ஆகவே அதை மட்டும் அளக்காமல், அது உட்காரும் பள்ளமான க்ரூவையும் அளக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், இது கடைக்காரர் எழுதியதல்ல, தொழில் தெரிந்தவர் எழுதியது என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்தது நசுக்கல் கணக்கு. வளையத்தின் தடிமனிலிருந்து, அது உட்காரும் இடத்தின் ஆழத்தைக் கழித்து, தடிமனால் வகுத்து, நூறால் பெருக்கினால் எத்தனை சதவீதம் நசுங்குகிறது என்று வரும். 3.53 மிமீ வளையம், 2.85 மிமீ ஆழம் என்றால் சுமார் 19 சதவீதம். அசையாத இணைப்புக்குப் பொதுவாக 15 முதல் 30 வரை வைப்பார்கள், முன்னும் பின்னும் ஓடும் இடத்துக்கு அதைவிடக் குறைவாக. மூன்று கட்டங்கள் உள்ள ஒரு சிறு கால்குலேட்டர் போதும். வெப்சைட் செய்து கொடுத்தவருக்கு அரை நாள் வேலை. கல்லூரி ஆய்வகப் பக்கங்களும் ஆசிரியர்களின் பாடக் குறிப்புகளும் லிங்க் தருவது இப்படிப்பட்டவற்றுக்குத்தான்.

இவை இரண்டையும்விட எங்கள் ஓட்டு படங்களுக்கு. பழுதாகித் திரும்பி வந்த வளையங்களைக் குப்பையில் போடாதீர்கள். இரண்டு பக்கமும் தட்டையாகிவிட்டதா? அதிகச் சூடு, அதிக நசுக்கல், அல்லது ரப்பர் சரியாக வேகாதது. ஒரு ஓரம் எலி கடித்த மாதிரி பிய்ந்திருக்கிறதா? அழுத்தத்தில் இடைவெளிக்குள் பிதுங்கியிருக்கிறது. இடைவெளியைக் குறைக்க வேண்டும், அல்லது கடினமான ரப்பர், வளையத்துக்குப் பக்கபலமாக வைக்கும் பேக்கப் ரிங் என்று போக வேண்டும். சுருள் சுருளாக வெட்டு விழுந்திருக்கிறதா? நீளமாக ஓடும் ராடில் வளையம் உருண்டு முறுக்கிக்கொண்டது. ஊதிப் பெருத்து க்ரூவில் உட்கார மறுக்கிறதா? இபிடிஎம் என்ற ரப்பர் வகையில் செய்த வளையத்துக்கு யாரோ சாதாரண பெட்ரோலியம் கிரீஸ் தடவியிருப்பார்கள். தண்ணீருக்கும் நீராவிக்கும் அசராத இபிடிஎம், மினரல் ஆயில் பட்டால் ஊதிவிடும், அதற்கு சிலிக்கான் கிரீஸ்தான். ஒவ்வொன்றையும் வெள்ளைத்தாள் மேல் வைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் போனிலேயே எடுக்கலாம். காரணம் இரண்டு வரி, தீர்வு இரண்டு வரி. இந்த மாதிரி சொந்தப் படங்கள் இணையத்தில் குறைவு. ஆகவே மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்துவார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை கூகுள் லென்ஸில் உங்கள் படத்தைப் போட்டுத் தேடி, கேட்காமல் போட்டவருக்குச் சண்டைக்குப் போகாமல், 'படத்தை வைத்துக்கொள்ளுங்கள், கீழே எங்கள் பக்கத்துக்கு ஒரு லிங்க் மட்டும் கொடுங்கள்' என்று எழுதுங்கள். பலரும் மறுப்பதில்லை.

எழுத வேண்டாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓ-ரிங் உலகப் புகழ் பெற்றது ஒரே ஒரு முறை: 1986 ஜனவரி 28 அன்று ஓ-ரிங் பழுதால் சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது. குளிரில் ரப்பர் விறைத்துவிடும் என்பதை இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் விசாரணையின்போது ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டுக் காட்டினார். எல்லா சீல் கம்பெனி வலைப்பதிவும் இதைத்தான் முதல் கட்டுரையாக எழுதுகிறது. அதைப் பற்றி லிங்க் கொடுக்க விரும்புபவர் நாசாவுக்குக் கொடுப்பார், உங்களுக்கு ஏன் கொடுக்கிறார்? 'ரப்பரின் வரலாறு', 'சரியான ஓ-ரிங்கைத் தேர்வு செய்ய 10 வழிகள்' எல்லாமே இதே ரகம்தான்.

தமிழில் எழுதலாமா? மெக்கானிக்குகளுக்கு எழுதும் பழுது பார்க்கும் பக்கத்தைத் தமிழிலும் வைப்பது நல்லது, போட்டியே கிடையாது. ஆனால் அதற்கு வரும் லிங்குகள் யூடியூப் விளக்கப் பகுதியிலும் ஃபேஸ்புக் குழுக்களிலும்தான் இருக்கும். அவை பெரும்பாலும் நோஃபாலோ. ஆட்கள் வருவார்கள், ரேங்குக்கான பலம் அதிகம் வராது. ஆங்கிலப் பக்கத்தைக் கைவிட்டுவிட்டு இதை மட்டும் செய்யக் கூடாது.

கேட்பது எப்படி

பக்கம் தயாரானதும் சும்மா இருந்தால் லிங்க் வராது. பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளின் ஹைட்ராலிக்ஸ் பாடப் பக்கங்கள், பராமரிப்புத் துறை வலைப்பதிவுகள், பம்பு ரிப்பேர் கையேடு வைத்திருக்கும் தளங்கள் என்று நாற்பது பக்கங்களைத் தேடிப் பட்டியல் போடுங்கள். அவற்றில் ஏற்கெனவே யாருடைய அளவு அட்டவணைக்காவது லிங்க் இருந்தால், அதைச் சொடுக்கிப் பாருங்கள். பக்கமே இல்லை என்று 404 வந்தால் யோகம்தான்: நீங்கள் உதவி கேட்டுப் போகவில்லை, அவருக்கு ஒரு தகவலோடு போகிறீர்கள்.

மெயில் ஐந்து வரியைத் தாண்டக் கூடாது. 'வணக்கம் சார். உங்கள் ஹைட்ராலிக்ஸ் பாடக் குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் உள்ள ஓ-ரிங் அட்டவணை லிங்க் இப்போது திறக்கவில்லை. அதே ஏஎஸ் 568 அளவுகளை நாங்கள் தேடக்கூடிய அட்டவணையாக வைத்திருக்கிறோம். பதிவு, கட்டணம் எதுவும் இல்லை. பயன்படும் என்று தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம். நன்றி.' கீழே பெயர், கம்பெனி, போன் எண். கம்பெனி மெயில் முகவரியிலிருந்து அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அத்தோடு விட்டுவிடுங்கள். நாற்பதுக்கு இரண்டு மூன்று பேர் போட்டால்கூட அது மோசமில்லை. இந்தத் தொழிலில் மூன்று நல்ல லிங்க் என்பது பெரிய விஷயம்.

லிங்கில் எந்தச் சொல் வர வேண்டும் என்று நீங்கள் கட்டளை போடாதீர்கள். பத்துத் தளங்களும் 'கோயம்புத்தூரின் சிறந்த ஓ-ரிங் தயாரிப்பாளர்' என்று எழுத்துப் பிசகாமல் எழுதினால், சொல்லிக்கொடுத்து எழுதவைத்தது என்று இயந்திரத்துக்கும் தெரியும். ஒருவர் கம்பெனிப் பெயரைப் போடுவார், ஒருவர் முகவரியை, ஒருவர் 'இந்த அட்டவணை' என்று. அப்படிக் கலந்து வருவதுதான் இயல்பு.

அந்த 500 லிங்க் மெயில்

இப்போது அதற்கு வருவோம். விற்பவர் கையில் நூற்றுக்கணக்கான ஆளில்லாத தளங்கள் இருக்கும். காலாவதியான டொமைன்களை வாங்கி, அரைகுறைக் கட்டுரைகளை நிரப்பி, ஓ-ரிங்குக்கும் ஜோசியத்துக்கும் ஆன்லைன் ரம்மிக்கும் ஒரே பக்கத்தில் லிங்க் போட்டிருப்பார்கள். 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற பெயரில் தேடல் முறையில் வந்த மாற்றத்தின்போது, இப்படிப்பட்ட லிங்குகளை வாங்கிய தளங்களை கூகுள் கீழே தள்ளியது. 2016-ல் பென்குயின் கூகுளின் மைய முறையிலேயே சேர்ந்தபிறகு, தண்டிப்பதைவிட அந்த லிங்குகளை மதிக்காமல் விடுவதே வழக்கமாகிவிட்டது. ஆகவே பெரும்பாலும் நடப்பது, 5,000 ரூபாய் போவதுதான். அளவு மீறினால் கூகுள் ஊழியர் நேரடியாகப் பார்த்துத் தண்டனை விதிப்பதும் உண்டு. அந்த அறிவிப்பு, தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்' பகுதியில் வரும்.

விற்பவர் 'டிஏ 50 தளம்' என்று ஒரு எண்ணைச் சொல்வார். அது மோஸ் என்ற நிறுவனம் போடும் மதிப்பெண். கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை, விற்பனைக்காக அதை ஊதிக்காட்டவும் முடியும். உங்களைக் கேட்காமலே கண்ட தளங்களிலிருந்து லிங்க் வந்திருந்தால் பதற வேண்டாம், அப்படியே விடுங்கள். லிங்குகளை நிராகரிக்கும் டிஸவோ கருவி, மேனுவல் ஆக்‌ஷன் வந்தவருக்கும், தானே காசு கொடுத்து வாங்கிக் குவித்துவிட்டு அது வருமோ என்று அஞ்சுபவருக்கும்தான். தெரியாமல் கை வைத்தால் நல்ல லிங்கும் போய்விடும்.

நீங்களே வெட்டிக்கொள்ளும் லிங்குகள்

வெளியாள் செய்யும் கெடுதலைவிட சொந்தமாகச் செய்துகொள்வதே அதிகம். புது வெப்சைட் டிசைன் வருகிறது, எல்லாப் பக்கங்களின் முகவரியும் மாறுகிறது. ஐந்து வருடமாகச் சேர்ந்த லிங்குகள் எல்லாம் அந்த இரவே 404-ல் போய் முட்டுகின்றன. மாற்றுவதற்கு முன், சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் பகுதியில் 'அதிகம் லிங்க் பெற்ற பக்கங்கள்' பட்டியலை இறக்கி, ஒவ்வொரு பழைய முகவரிக்கும் நேரான புதிய முகவரியை எழுதி, 301 என்ற நிரந்தரத் திருப்பலைப் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிட்டால் அது திருப்பல் ஆகாது. அட்டவணை தேடி வந்தவர் லோகோவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார், கூகுளும் அதைப் பக்கம் காணாமல் போனதாகவே எடுத்துக்கொள்ளலாம். டொமைன் புதுப்பிக்கும் தேதி ஆடிட்டரின் தம்பி மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தால் அதையும் இன்றைக்கே மாற்றுங்கள்.

கேட்டலாகை பிடிஎஃப் ஆக மட்டும் வைத்திருப்பதும் இப்படித்தான். பிடிஎஃப்-க்கு வரும் லிங்கை கூகுள் கணக்கில் எடுக்கும்; ஆனால் வந்தவருக்கு அங்கிருந்து என்கொயரி படிவத்துக்குப் போக வழியே இருக்காது, அடுத்த வருடம் பைல் பெயர் மாறியதும் லிங்கும் உடையும். அதே விவரத்தைச் சாதாரணப் பக்கமாக வைத்து, பிடிஎஃப்-ஐ அதற்குள் இறக்கிக்கொள்ளக் கொடுங்கள்.

பலன் தெரிய மாதங்கள் ஆகும். மாதம் ஒருமுறை, முதல் திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள்: சர்ச் கன்சோலில் லிங்க் தரும் தளங்கள் எத்தனை, புதிதாக வந்தவை எவை, எந்தப் பக்கத்துக்கு வந்தன என்று அதே எக்செல் தாளில் குறியுங்கள். பக்கத்தில் இன்னொரு கட்டம்: அந்த மாதம் போனில் வந்த புது ஆட்களில் எத்தனை பேர் 'அந்த அட்டவணையைப் பார்த்தேன்' என்றார்கள். அதைக் கேட்டு எழுதும் பொறுப்பை போன் எடுப்பவரிடமே கொடுத்துவிடுங்கள்.